மருமகள் என்று கூப்பிட்டவர்

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களிடம் யாரும் நலம் விசாரிக்க மாட்டார்கள். சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ போன் வரும். எடுத்த எடுப்பில், "தண்ணி விழுதா?" என்பார்கள். வீட்டுக் குழாயில் என்று நினைத்துவிடாதீர்கள், குற்றாலத்தில். விழுகிறது என்று சொன்னால் அடுத்த வாரம் வாசலில் வேன் நிற்கும். விழவில்லை என்று சொன்னால், நாம் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்படுவார்கள். என் அக்கா ஆனந்தவள்ளி இருபத்தைந்து வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் வீடு நாங்கள் பிறந்து வளர்ந்த மேலகரத்திலேயே, தென்காசிக்கும் அருவிக்கும் நடுவில். சொந்தக்காரர்களுக்கு அதைவிட வசதியான இடம் வேறு கிடையாது.

போன வருடம் அவளே முந்திக்கொண்டாள். அண்ணன் கேட்பதற்கு முன்னால் ஆவடிக்குப் போன் போட்டு, "அண்ணே, தண்ணி நல்லா விழுது. ஆடி பொறக்குறதுக்கு முன்னால வந்துருங்க" என்றாள்.

"ஆடி பொறந்தா என்னட்டி, சாரல் நின்னுருமா?"

"சாரல் நிக்காது. நல்ல காரியம் பேச முடியாதுல்லா."

அண்ணன் சிரித்துவிட்டு, "நானும் அதத்தான் நினைச்சேன். ஒரு விஷயம் பேசணும். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றாராம். ஐந்து நிமிடப் பேச்சை அக்கா எனக்கு முக்கால் மணி நேரம் சொன்னாள். அண்ணன் தன் மகனுக்கு அபர்ணாவைக் கேட்கத்தான் வருகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அபர்ணா அவளுடைய ஒரே மகள்.

எங்கள் அப்பாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் குற்றாலீஸ்வரன், பட்டாளத்தில் சுபேதாராக ஓய்வுபெற்று ஆவடியில் வீடு கட்டிக்கொண்டவர். நடுவில் ஆனந்தவள்ளி. கடைசி நான், சொரிமுத்து. ஆலங்குளம் தாலுகா ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டென்ட். பேருக்குத்தான் ஜூனியர், வயது நாற்பத்தாறு.

அக்கா இலத்தூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எண்பது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவளுக்குப் இருபது பேருக்குப் பொங்குவது ஒரு வேலையா என்று எங்கள் சொந்தத்தில் எப்போதோ தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். "அமைப்பாளர் இருக்கையில நமக்கென்ன" என்று கையை வீசிக்கொண்டு வந்து இறங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு சமையலரும் ஓர் உதவியாளரும் உண்டு, வீட்டில் அதுவும் கிடையாது என்பது யாருக்கும் தோன்றியதில்லை. அவள் புருஷன் சிவனணைந்தபெருமாள் மின்வாரியத்தில் லைன்மேன். சீசன் காற்றில் தினமும் எங்காவது மரம் விழுந்து கம்பி அறுந்துவிடும் என்பதால், வீட்டில் கூட்டம் இருக்கும் நாட்களில் அவர் வீட்டில் இருப்பதில்லை. அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தெருவைத் தாண்டிவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். தங்கமான மனிதர், ஆனால் எதற்கும் முன்னால் வந்து நிற்க மாட்டார்.

இப்போது அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆணுக்குச் சகோதரியின் மகளும் மருமகள்தான், மகனின் மனைவியும் மருமகள்தான். நம் தமிழ் இரண்டு பேருக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. எனக்கும் அபர்ணா மருமகள்தான். ஆனால் என் மகன் அவளைவிடப் பதினோரு வயது சின்னவன் என்பதால் நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வீண் குழப்பம் எதற்கு. அண்ணன் அப்படி இல்லை. அவள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து "எம் மருமவளே" என்றுதான் கூப்பிட்டார். காது குத்தும்போது அவர் மடியில்தான் அவள் உட்கார்ந்தாள். அவள் பெரியவளாகிச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் சீரோடு வந்து பந்தலில் நின்றுகொண்டு, "எம் மருமவள வேற எவனாவது கேட்டு வந்தான், முட்டிய பேத்துருவேன்" என்றார். பந்தல் முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அதைப் பத்திரப் பதிவு மாதிரி மனதில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு ஒரே மகன், இசக்கிராஜா. குலதெய்வத்தின் பெயர். பெங்களூர் கம்பெனியில் அவன் வெறும் ராஜ். இசக்கியை எந்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டான் என்று தெரியவில்லை. அபர்ணா சின்ன வயதில் "ராஜா அத்தான், ராஜா அத்தான்" என்று அவன் பின்னாலேயே ஓடுவாள். பெரியவளான பிறகு அவனை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சாப்பிட வரச் சொல்லுதாவ" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. பி.எட். முடித்துத் தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். அன்றைக்கு வயது இருபத்தைந்து.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் கீழப்பாவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் போலீஸ், நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. பிள்ளையை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. காபி குடித்து முடித்ததும் பையனின் அப்பா, "பிள்ளைக்குத் தாய்மாமன் மவன் இருக்காவன்னு சொன்னாவ. முறை இருக்கையில நாங்க குறுக்க வரக்கூடாது. அங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். மரியாதையான மனிதர்.

அந்த ஒரு வார்த்தையை யார் கேட்பது? பெண்ணைப் பெற்றவள் தானாகப் போய்க் கேட்க முடியாது, உடன்பிறந்த அண்ணனாகவே இருந்தாலும். இல்லை என்று வந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அண்ணன் வீட்டுக்குப் போவது? ஆகவே அக்கா என்னைக் கேட்கச் சொன்னாள். நானும் போன் போட்டேன். அண்ணன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார், ஆவடியில் மழைநீர் தேங்குவதைப் பற்றிச் சொன்னார், பட்டாள ஆஸ்பத்திரி கார்டைப் பற்றி இருபது நிமிடம் சொன்னார். நான் "உம்" கொட்டினேன். கேட்க வேண்டியதைக் கேட்க வாய் எழவில்லை. "சரிண்ணே, உடம்பப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டேன்.

அக்கா ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே, "என்னலே சொன்னாவ?" என்றாள்.

"அண்ணன் மறுப்பு ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன்.

அது பொய் இல்லை. கேட்டால்தானே மறுப்பு சொல்வதற்கு. தாலுகா ஆபீஸில் இருபது வருடம் இருந்ததில் பொய் சொல்லாமல் பொய் சொல்லக் கற்றிருந்தேன். அக்கா கீழப்பாவூருக்குத் தகவல் அனுப்பினாள், மாமன் வீட்டில் எடுக்கிறார்கள் என்று. அந்தப் பையனுக்கு ஆறே மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு வந்த இரண்டு ஜாதகங்களை அக்கா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை இரண்டாவது வியாழக்கிழமை காலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். அண்ணன், மதினி, இசக்கிராஜா, அப்புறம் பெரியம்மா வீட்டு வகையும் சித்தப்பா வீட்டு வகையும் குஞ்சு குளுவான்களுமாக மொத்தம் பத்தொன்பது பேர். நானும் என் மனைவி விஜயமும் பிள்ளைகளும் கூடக் கணக்கில் சேர்த்தி. மூன்று அறை வீடு. கொடியெல்லாம் துண்டு, சன்னல் கம்பியெல்லாம் துண்டு, கேஸ் சிலிண்டர் மேலேயும் ஒரு துண்டு. சாரலில் எதுவும் காயாது. வீடு முழுக்க ஈரவாடையும் தேங்காய் எண்ணெய் வாடையும்.

அண்ணன் படியேறும்போதே, "எங்கட்டி எம் மருமவ?" என்று குரல் கொடுத்தார். அபர்ணா காபி டம்ளர்களோடு வந்தாள். அக்கா அவளை இரண்டு நாள் லீவு போடச் சொல்லியிருந்தாள். "வாங்க மாமா, வாங்க அத்தை" என்றாள். மதினி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, "எவ்ளோ அழகாயிட்டா பாருங்களேன்" என்றாள். மீனா மதினி ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவள். கள்ளம் கபடம் தெரியாது, எங்கள் முறைதலைகளும் தெரியாது. அடுக்களை வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சந்தோஷம். நான் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். அண்ணன் மூன்று தடவை போட்டுக்கொண்டார். சாப்பிட்ட பிறகு பேசுவார் என்று அக்கா நினைத்தாள். அவர் சாய்ந்து தூங்கிவிட்டார். சாயங்காலம் பேசுவார் என்று நினைத்தாள். சீட்டுக்கட்டு வந்துவிட்டது.

"வந்த அன்னைக்கேவா பேசுவாவ. நாள் கெடக்குல்லா" என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் பெண்கள், ஆண்கள் பக்கம் ஆண்கள். போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு உடுப்பு மாற்றி, பஜ்ஜிக் கடைப் பக்கம் எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றோம். அக்கா ஈரத்துணி வாளியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, யாருக்குப் பஜ்ஜி வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். குளித்த பிறகும் அவளுக்கு அதுதான் வேலை.

இசக்கிராஜா போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு யாருக்கோ வீடியோ கால் செய்துகொண்டிருந்தான். அருவியைக் காட்டினான், குரங்கைக் காட்டினான், அப்புறம் எங்களைக் காட்டினான். "எல்லாரும் ஹாய் சொல்லுங்க. இது எங்க அத்தை. இது சித்தப்பா" என்று வந்தவன் அபர்ணாவிடம் நின்று, "இது அபர்ணா. என் கஸின் சிஸ்டர்" என்றான். போனில் ஒரு பெண் குரல், "ஹாய் சிஸ்" என்றது. அபர்ணா பாதி பஜ்ஜி இருந்த கையைத் தூக்கி ஆட்டினாள். அப்புறம் அந்தப் பஜ்ஜியை அவள் தின்னவில்லை.

அத்தை மகள் எங்காவது சிஸ்டர் ஆவாளா? கஸின் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால்கூடத் தப்பித்திருப்போம். பின்னால் சிஸ்டரைச் சேர்த்தது நாம்தான், வெள்ளைக்காரன் மேல் பழி போட முடியாது. பெங்களூரில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அவனும் சொன்னான். அவனைக் குற்றம் சொல்லவும் எனக்கு வழி தெரியவில்லை.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். "அந்தப் பெய என்னலே சொன்னான்?"

"சும்மா இங்கிலீஷ்ல ஏதோ."

"சிஸ்டர்னா எனக்குத் தெரியாதா?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே சொன்னாள்: "வெளி ஆளுககிட்ட அத்த மவன்னு சொன்னா கேலி பண்ணுவாவ. அதான் அப்படிச் சொல்லியிருக்கான்." நான் ஆமாம் என்றேன். ஆபீஸில் ஆமாம் போடச் சம்பளம் உண்டு, இதற்குக் கிடையாது, பழக்கம்தான்.

சனிக்கிழமை அருவியில் வெள்ளம் என்று குளிக்க விடவில்லை. எல்லோரும் வீட்டில்தான். பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் மூன்று ஈடு, நாலு ஈடு என்று இட்லி வெந்துகொண்டே இருந்தது. விஜயம் கூடமாட நின்றாள். மதினியும் உதவ வந்தாள். வெங்காயம் உரித்துக் கண் எரிகிறது என்று போய்விட்டாள்.

மத்தியானம் பெரியவர்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அக்கா தேங்காய்ப்பால் சொதியும் கரண்டியுமாக வந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். உள்ளே அபர்ணா குழாயை மூடினாள். பாத்திரச் சத்தம் நின்றதிலிருந்து எனக்குத் தெரிந்தது.

"எல்லாரும் சேந்து இருக்கையில சொல்லணும்னுதான் கூட்டிக்கிட்டு வந்தேன். ஆடி பொறந்துட்டா சொல்ல முடியாதுல்லா. ராஜாவுக்கு முடிவாயிட்டு. பொண்ணு பேரு சஹானா, அவன்கூட வேலை பாக்குதா. மைசூர்ல குடும்பம், தமிழ் ஆட்கதான். ஆவணில முகூர்த்தம்."

மதினி போனில் போட்டோவை எடுத்துப் பந்தியில் அனுப்பினாள். ஒவ்வொரு கையாக மாறி வந்தது. எல்லோரும் இடது கையால் வாங்கிப் பார்த்து, நல்ல லட்சணம் என்றார்கள். உண்மையிலேயே நல்ல லட்சணமான பெண்தான். ஐந்தருவியில் போனில் வந்தவள்.

சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், அதனால் வெளியே பார்த்தோம் என்று அண்ணன் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருப்பாள். பையன் பிடிவாதம் பிடித்துவிட்டான், நான் என்ன செய்ய என்று சொல்லியிருந்தாலும் போதும். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரு விஷயம் அங்கே இருந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. தாய்மாமன் தன் மருமகளை மருமகளே என்று கூப்பிட்டான், அதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

அக்கா கரண்டியைச் சொதியில் வைத்தாள். "அண்ணே, பொண்ணு வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டாள். வரப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் அவள் முதலில் கேட்பது அதுதான். அண்ணன், "அவ, அப்பா அம்மா, ஒரு தம்பி" என்றார். "நல்லது" என்று சொல்லி அடுத்த இலைக்கு நகர்ந்தாள். என் இலைக்கு வந்தபோது சொதியை ஊற்றினாள், ஊற்றினாள், இலைக்கு வெளியே ஓடும் வரை ஊற்றினாள். நான் கையை வைத்து அணை கட்டினேன்.

சாயங்காலம் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் அண்ணன்கிட்ட கேக்கவே இல்ல. கேட்டேன்னு நானும் சொல்லல. ஆனா கேக்கல."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எனக்குத் தெரியும்லே" என்றாள்.

"தெரியுமா?"

"கேட்டிருந்தா நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டே. அண்ணன் சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லியிருப்பே. மறுப்பு சொல்லலன்னு சொன்னப்பவே தெரியும்." அப்புறம், "நான் திருப்பிக் கேட்டிருக்கணும். கேட்டா நீ இல்லன்னுருவியோன்னு கேக்கல" என்றாள்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த உதவியைக்கூட அவள் செய்யவில்லை. உள்ளேயிருந்து யாரோ, "அத்தை, காபி ஆச்சா?" என்று கேட்டார்கள். எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டிக்கு அவர்கள் கிளம்ப வேண்டும். ஸ்டேஷனுக்குப் போக வேன் வந்து நின்றுவிட்டது. பைகள் ஹாலில் கிடந்தன. பலாப்பழ சிப்ஸ், மிளகு, ஆளுக்கொரு பை நாட்டு மருந்து. அப்போதுதான் மதினி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனந்தி, ஒரு விஷயம் கேக்கணும், மறந்தே போயிட்டேன். எங்களுக்குப் பொண்ணு இல்ல. தாலி கட்டும்போது மூணாவது முடிச்சு போட நாத்தனார் வேணும் இல்லையா? அபர்ணா போடட்டும்னு ராஜ் சொல்றான். எனக்கும் அதுதான் ஆசை. பட்டுச் சேலை நாங்களே எடுத்துடறோம்."

ஹாலில் பேச்சு நின்றது. பெரியம்மா மகள் ஒருத்தி பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். விஜயம் என்னைப் பார்த்தாள். அந்த முடிச்சை மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் போடுவாள், அவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா பெண்கள் போடுவார்கள். தங்கச்சி முறை இருக்க வேண்டும். அத்தை மகள் போட முடியாது. அவள் மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார உரிமை உள்ளவள். உட்காரவில்லை என்றாலும் உரிமை உரிமைதான். அவளை மணப்பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தி முடிச்சுப் போடச் சொன்னால் அப்படி ஒரு முறையே இருந்ததில்லை என்று ஊர் கூடி எழுதிக் கொடுத்த மாதிரி. ஆவடியில் வளர்ந்த மதினிக்கு இது தெரியாது. பெங்களூர் பையனுக்கும் தெரியாது. மேலகரத்தில் பிறந்த குற்றாலீஸ்வரனுக்குத் தெரியும்.

அக்கா அண்ணனைத்தான் பார்த்தாள். அவளுக்கு இனிமேல் கல்யாணம் வேண்டாம், சம்பந்தம் வேண்டாம். "அது முறை இல்ல மீனா" என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். இருபத்தைந்து வருடம் அவள் ஒன்றும் இல்லாததை நம்பிக்கொண்டிருக்கவில்லை என்று ஆகிவிடும். அதை அவளே சொல்லலாம்தான். சொன்னால், "அப்போ நீ எங்க ராஜுக்குன்னு நினைச்சிருந்தியா?" என்று மதினி கேட்பாள். சூது இல்லாமல், இரக்கப்பட்டுத்தான் கேட்பாள். அத்தனை பேர் முன்னால் அந்த இரக்கத்தை வாங்க அக்காவால் முடியாது.

அண்ணன் குனிந்து பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே இறுகித்தான் இருந்தது. "யாரு போட்டா என்ன. பிள்ளைக சந்தோசமா இருந்தா சரி" என்று பையிடம் சொன்னார்.

நானும் அந்த ஹாலில்தான் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது.

"நான் போடுதேன் அத்தை" என்று அபர்ணாவின் குரல் கேட்டது. அடுக்களை வாசலில் நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். மதினி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இசக்கிராஜா, "தேங்க்ஸ்டா" என்றான். நின்ற பேச்சு திரும்ப ஆரம்பித்தது, ஜிப் மூடியது, குழந்தைகள் வேனுக்கு ஓடின.

"அப்படியே ஒரு அளவு ஜாக்கெட் குடுத்துடு ஆனந்தி. சென்னையிலேயே தைக்கக் குடுத்துடறேன். எங்க டெய்லர் நல்லாத் தைப்பார்" என்றாள் மதினி.

அக்கா உள்ளறைக்குப் போனாள். அபர்ணாவும் பின்னாலேயே போனாள். பையைத் தூக்கப் போனவன் மாதிரி நானும் போனேன். அக்கா பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றையும் எடுக்காமல் நின்றாள்.

"ஏட்டி, எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"மாட்டேன்னா, ஏன்னு கேப்பாவ" என்றாள் அபர்ணா. குரல் கொஞ்சமும் உயரவில்லை. "அதுக்கு யாரு பதில் சொல்லுவா? நீ சொல்லுவியா, நான் சொல்லவா?" அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "சின்ன மாமா சொல்லுவாவளா?"

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு வருடமாகத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். அக்கா ஒரு ஜாக்கெட்டை எடுத்தாள், கை லூஸ் என்று அதை வைத்துவிட்டாள். இன்னொன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். மாம்பழக் கலர், அபர்ணாவுக்குக் கச்சிதமாக இருப்பது. அதில் ஒரு கொக்கி நூல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அளவு பார்க்கப் போகிற ஜாக்கெட்டுக்குக் கொக்கி எதற்கு? அக்கா ஊசியில் நூல் கோத்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்ததால் நூல் மூன்று தடவை நுழையவில்லை. அபர்ணா வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். அக்கா கட்டில் நுனியில் உட்கார்ந்து கொக்கியைத் தைத்து, பல்லால் நூலைக் கடித்தாள்.

"எல்லாரும் பாக்குத இடத்துல நிக்கப்போறா. அளவு சரியா இருக்கணும்லா" என்றாள்.

ஜாக்கெட்டை நாலாக மடித்து ஒரு ஜவுளிக்கடைக் கவரில் போட்டு, என் கையில் கொடுத்தாள். நான் கொண்டுபோய் மதினியிடம் பத்திரமாகச் சேர்த்தேன்.